முதல்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல போய் உட்காரு

"சித்தி, வீட்டுல இருந்துக்கிட்டே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பண்ணலாமாமே? மாசம் நாப்பதாயிரம்னு போட்டிருக்கான்."

திருப்பதியில இருக்கிற அக்கா பொண்ணு ஒரு நோட்டீஸைப் போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டு, பின்னாடியே போனும் பண்ணினா. பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்துல மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி. முடிச்சவ. ரெண்டாவது குழந்தை பிறந்ததும் லேப் வேலையை விட்டுட்டா. நோட்டீஸ்ல ஹெட்போன் மாட்டின ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு சிரிச்சுக்கிட்டிருக்கு. கீழ தெலுங்குல, டிகிரி தேவையில்லை, அனுபவம் தேவையில்லை. அதுக்கும் கீழ பொடி எழுத்துல, பயிற்சிக் கட்டணம் இருபத்தஞ்சாயிரம்.

சித்தூர்ல எங்க தெருவுலயும் இதே கேள்வியை அடிக்கடி யாராவது கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதி வச்சிடறேன். நான் இந்த வேலைக்கு வந்தது 2000க்கு அப்புறம், சென்னையில ஒரு கம்பெனியில. கல்யாணமாகி சித்தூர் வந்ததுக்குப் பிறகும் விடல. இப்ப எடிட்டிங், க்யூஏ ரெண்டும் வீட்டுல இருந்தே பார்க்கறேன். அதனால "பண்ணலாமா"ன்னு கேட்டா "பண்ணலாம்"தான் என் பதில். ஆனா வீட்டுல இருந்து ஆரம்பிக்கக் கூடாது.

வேலை என்னன்னு தெரியாதவங்களுக்காக: அமெரிக்காவுல டாக்டர் நோயாளியைப் பார்த்து முடிச்சதும், என்ன பார்த்தார், என்ன மருந்து எழுதினார்ங்கறதை வாயால சொல்லிப் பதிவு பண்ணுவார். அதைக் கேட்டு ரிப்போர்ட்டா டைப் அடிக்கறதுதான் டிரான்ஸ்கிரிப்ஷன். ஆபரேஷன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஓபி நோட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமைப்பு உண்டு. காலடியில ஃபுட் பெடல் இருக்கும். மிதிச்சா ஓடும், விட்டா நிக்கும், லேசா பின்னால போகும். கை கீபோர்டை விட்டு நகரவே கூடாது. நியூயார்க்ல சாயங்காலம் அஞ்சு மணின்னா நமக்கு ராத்திரி ரெண்டரை, அவங்க குளிர்காலத்துல மூணரை. அவங்க வேலை முடிச்சுப் போன பிறகு ஃபைல் நம்ம கைக்கு வரும். மறுநாள் காலையில அவங்க வர்றதுக்குள்ள திரும்பிப் போயிடணும். விடியக்காலை அஞ்சு மணிக்கு உட்கார்ந்து மத்தியானத்துக்குள்ள முடிக்கிற இந்த நேர அமைப்புதான் நம்ம ஊர்ப் பொண்ணுங்களை இந்த வேலைப் பக்கம் இழுத்தது. ராத்திரி ஷிஃப்ட்டு, கேப் வண்டி, வாசல்ல நிக்கிற மாமியார், எதுவும் இல்ல.

டைப்பிங் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறவங்கதான் நிறைய. லோயர், ஹையர் பாஸ் பண்ணவங்க கைவேகத்தோட வருவாங்க. முதல் வாரத்துலயே தெரிஞ்சிடும், கை இங்க ரெண்டாம் பட்சம், காதுதான் வேலை செய்யணும்னு. இலியம்னு ஒரு வார்த்தை காதுல விழும். சிறுகுடலோட கடைசிப் பகுதியும் அதே சத்தம், இடுப்பெலும்பும் அதே சத்தம். ஸ்பெல்லிங்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பேசறது வயித்து டாக்டரா எலும்பு டாக்டரான்னு பார்த்துத்தான் எழுதணும். டிஸ்ஃபேஜியான்னா விழுங்க முடியல, டிஸ்ஃபேசியான்னா பேச்சு வரல. செலிப்ரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. டாக்டர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டே சொல்லுவார். பின்னணியில யாரோ இருமுவாங்க. பதினஞ்சா அம்பதான்னு பத்து தடவை பின்னால போய்க் கேக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்துல நமக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. திருப்பதி எஸ்.வி. மெடிக்கல் காலேஜ் 1960ல ஆரம்பிச்சது. அங்க படிச்சிட்டு அமெரிக்கா போன டாக்டருங்க ஏராளம். கடப்பா, நெல்லூர் வாடையோட ஒருத்தர் டெக்சாஸ்ல இருந்து இங்கிலீஷ் பேசினா, அமெரிக்க எடிட்டர் பாதி இடத்துல கோடு போட்டு விட்டிருப்பாங்க. வீட்டுல தமிழும் கடைத்தெருவுல தெலுங்கும் பேசி வளர்ந்த சித்தூர்ப் பொண்ணு ஒரே தடவையில பிடிச்சிடுவா. எங்க டீம்ல அந்த மாதிரி ஃபைல் வந்தா நேரா என் பக்கம் தள்ளி விட்டுடுவாங்க.

கோடு போட்டு விடறதுன்னு சொன்னேன் இல்லையா, அதுதான் இந்தத் தொழில்ல முதல் ஒழுக்கம். காதுல சரியா விழலைன்னா காலி விடணும், ஊகிக்கக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. காலி விட்டா தெரியாதுன்னு நினைப்பாங்களோன்னு பயந்து எதையாவது போட்டு நிரப்பிடுவாங்க. அலபாமா மாநிலத்துல 2008ல நடந்ததை நான் எல்லாருக்கும் சொல்லுவேன். ஒரு அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரியில இன்சுலின் 8 யூனிட்னு இருக்க வேண்டியது 80னு டைப் ஆச்சு. டைப் ஆன இடம் இந்தியா. அந்த 80 அப்படியே மருந்தாப் போச்சு, அந்த அம்மா இறந்துட்டாங்க. 2012 டிசம்பர்ல ஜூரி விதிச்ச நஷ்டஈடு 14 கோடி டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளைத் தரம் பார்க்கிற ஜாயின்ட் கமிஷன் அந்த அம்மா இறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 2004ல, எழுதக் கூடாத சுருக்கங்கள்னு ஒரு பட்டியல் போட்டிருந்தது. யூனிட்டைச் சுருக்கி யூ-ன்னு எழுதாதே, சைபர் மாதிரி தெரியும். 5.0 மில்லிகிராம்னு எழுதாதே, புள்ளி கண்ணுல படலைன்னா 50 ஆயிடும். அந்தப் பட்டியல் இன்னிக்கும் என் மேஜைக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்கு.

சரி, காசுக்கு வருவோம். சம்பளம் லைன் கணக்கு. ஒரு லைன்னா 65 எழுத்து. கம்பெனிக்குக் கம்பெனி ரேட்டு மாறும். கணக்குக்காக லைனுக்கு ஒரு ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு நிமிஷப் பேச்சு சுமாரா பத்து லைன் வரும். புதுசா வர்றவங்களுக்கு அந்த ஒரு நிமிஷத்தை எழுத பத்து நிமிஷம் பிடிக்கும். நாள் முழுக்க உட்கார்ந்தா முந்நூறு லைன். மாசம் இருபத்தஞ்சு நாள் போட்டா ஏழாயிரத்து ஐந்நூறு. ஆயிரம் லைன் கைக்கு வந்தா இருபத்தஞ்சாயிரம். நோட்டீஸ்ல போட்டிருக்கிற நாப்பதாயிரத்துக்குத் தினம் ஆயிரத்து அறுநூறு லைன் அடிக்கணும். அது பழகின கையும் நல்ல டாக்டரும் ஒண்ணாச் சேர்ந்து கிடைச்சாத்தான். தப்புக்கு வெட்டு தனி. மருந்து, அளவு, வலது இடது தப்பினா கிரிட்டிக்கல் எரர், அந்த ஃபைலுக்கே காசு வராத இடங்களும் உண்டு.

அதுவும் முழுசா டைப் அடிக்கிற காலத்துக் கணக்கு. அந்தக் காலம் பெரும்பாலும் போயிடுச்சு.

1990களின் நடுவுல பெங்களூர்ல ஹெல்த்ஸ்கிரைப் மாதிரி கம்பெனிகள் வந்தப்ப, அதுக்குப் பின்னாலயே சென்னை, ஹைதராபாத், கோயம்புத்தூர்னு பரவினப்ப, ஒவ்வொரு வார்த்தையும் மனுஷக் கைதான் அடிச்சது. 2009ல ஒபாமா அரசாங்கம் ஹைடெக் சட்டம் கொண்டு வந்து, கம்ப்யூட்டர்ல பதிவு வச்சாத்தான் ஆஸ்பத்திரிக்கு ஊக்கத்தொகைன்னு சொன்னதும் டாக்டர்களே டெம்ப்ளேட்ல டிக் அடிக்க ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம் பேச்சைத் தானே எழுத்தாக்கற மென்பொருள் வந்தது. நாங்க டைப் அடிக்கறதை விட்டு, மிஷின் அடிச்சதைத் திருத்தற எடிட்டர் ஆனோம். லைன் ரேட்டும் பாதிக்குக் கிட்ட விழுந்தது. டிராகன் மென்பொருளோட நுவான்ஸ் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 1,970 கோடி டாலருக்கு வாங்கறதா 2021ல அறிவிச்சு, 2022 மார்ச்ல கையில எடுத்துக்கிச்சு. இப்ப பல இடத்துல டாக்டர் தனியா டிக்டேட் கூட பண்றதில்ல. நோயாளியோட அவர் பேசறதையே போன் கேட்டு நோட்டு எழுதுது.

அப்ப எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. 2018ல ஜாமா நெட்வொர்க் ஓப்பன்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. மிஷின் எழுதின கச்சா வடிவத்துல நூறு வார்த்தைக்கு 7.4 தப்பு. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்த பிறகு 0.4. டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. அந்த 7.4க்கும் 0.4க்கும் நடுவுல உட்கார்ந்திருக்கறது நாங்க. இன்னிக்கு மிஷின் அன்னிக்கை விட நல்லாக் கேக்குது, ஒத்துக்கறேன். ஆனா தப்போட ஜாதி மாறிடுச்சு. முன்னாடி மிஷின் தப்பாக் கேட்டா வாக்கியம் உளறலா இருக்கும், கண்ணுல பட்டுடும். இப்ப சொல்லாததை அழகான வாக்கியமா எழுதி வைக்குது. ஓப்பன்ஏஐயோட விஸ்பர் மென்பொருள் மருத்துவப் பேச்சுல இல்லாத வரிகளைச் சேர்க்குதுன்னு 2024 அக்டோபர்ல அசோசியேட்டட் பிரஸ் செய்தி போட்டது. உளறலைக் கண்டுபிடிக்க டைப்பிஸ்ட் போதும். அழகா எழுதின பொய்யைக் கண்டுபிடிக்க விஷயம் தெரிஞ்ச ஆள் வேணும். அக்கா பொண்ணோட மைக்ரோபயாலஜிக்கு மதிப்பு வர்றது இங்கதான். கல்ச்சர் ரிப்போர்ட்ல எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும். நோட்டீஸ்ல போட்ட "டிகிரி தேவையில்லை" இருபது வருஷம் முன்னாடி ஓரளவு உண்மை, இப்ப இல்ல.

அந்தத் திறமை வீட்டுல தனியா உட்கார்ந்தா வராது. பக்கத்துல யாராவது இருந்து சிவப்புல அடிச்சுக் காட்டணும். நான் கத்துக்கிட்டதெல்லாம் சென்னையில என் ஃபைல்களைத் திருத்தின சீனியர் அம்மாகிட்டதான். ஆடியோவைப் போட்டுக் காட்டி, இந்த இடத்துல என்ன கேக்குது சொல்லுன்னு நிறுத்துவாங்க. ரெக்கார்டு பண்ண வீடியோ கோர்ஸ் எதுவும் அப்படி நிறுத்திக் கேக்காது.

சென்னை போக முடியாதவங்க என்ன பண்றது? நான் அக்கா பொண்ணுக்குச் சொன்னது, முதல்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல போய் உட்காரு. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல டிரான்ஸ்கிரிப்ஷன்னு தனி ஆள் பெரும்பாலும் கிடையாது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிகளான ஸ்விம்ஸா இருந்தாலும் ரூயாவா இருந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதறது ஹவுஸ் சர்ஜனோ பி.ஜி. டாக்டரோதான். ஆனா ரேடியாலஜி வேற. சித்தூர், திருப்பதி, வேலூர், எந்த ஊர் ஸ்கேன் சென்டருக்குள்ள எட்டிப் பார்த்தாலும் டாக்டர் படத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லச் சொல்ல ஒரு பொண்ணு டைப் அடிச்சுக்கிட்டிருக்கும். லிவர் நார்மல் இன் சைஸ் அண்ட் எக்கோடெக்ஸ்ச்சர், கால் பிளாடர் வெல் டிஸ்டென்டட்னு பாதி டெம்ப்ளேட்டாவே இருக்கும். மீதிப் பாதியிலதான் பாடம். வலது கிட்னியா இடதா, கல்லு 5 மில்லிமீட்டரா 5 சென்டிமீட்டரா. தப்பு பண்ணினா டாக்டர் அங்கயே திரும்பிப் பார்ப்பார். டைப்பிஸ்ட் சம்பளம் கம்மிதான், ஒளிக்கல. கூட்டம் ஜாஸ்தியான நாள்ல எழுந்து தண்ணி குடிக்க நேரம் இருக்காது. ஆனா இருபத்தஞ்சாயிரம் கட்டி கத்துக்கறதுக்குப் பதில், சம்பளம் வாங்கிக்கிட்டே அனாட்டமி கத்துக்கற இடம் நம்ம ஊர்ல இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு. ஒரு வருஷம் உட்கார்ந்தவங்களுக்கு எடிட்டர் டெஸ்ட்டு கஷ்டமா இருக்காது.

வீட்டுக்கு வர்றது அதுக்கப்புறம். வீடு சும்மா கிடைக்கிற ஆபீஸ்னு நினைக்காதீங்க.

முதல்ல இன்டர்நெட் லைன். எங்க ஊர்ப் பக்கம் அரகொண்டா இருக்கு.  அப்போலோ ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச பிரதாப் ரெட்டி பிறந்த ஊர் அது. அங்க அவர் கட்டின ஆஸ்பத்திரிக்கு இஸ்ரோ உதவியோட சாட்டிலைட் தொடர்பு குடுத்து, 2000 மார்ச் 24 அன்னிக்கு, ஹைதராபாத் வந்திருந்த பில் கிளின்டன் டெலிமெடிசினைத் தொடங்கி வச்சார். சாட்டிலைட் இருந்தாத்தான் நம்ம கிராமத்துல இருந்து மருத்துவ விவரம் வெளியே போகும்ங்கற காலம் அது. 2017 டிசம்பர்ல ஏபி ஃபைபர்நெட்டை 149 ரூபாய்க்குக் குடுக்க ஆரம்பிச்சப்பதான் எங்க பக்கம் வீட்டுல உட்கார்ந்து ஆடியோ ஃபைல் இறக்கறது நடக்கற காரியம்னு ஆச்சு. இப்ப தனியார் லைனும் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு ரெண்டு வச்சுக்கறது நல்லது. இன்வெர்ட்டர் கட்டாயம். சித்திரை வெயில்ல கரன்ட் போறப்ப ஸ்டாட்ங்கிற அவசர ஃபைல் கையில இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள அனுப்பியாகணும். டாக்டருக்கு சித்தூர் மின்வாரியம் பத்தியெல்லாம் தெரியாது.

அடுத்தது கதவு. அமெரிக்காவுல 1996ல வந்த ஹிப்பா சட்டத்தால நோயாளி விவரம் வெளியே கசியக் கூடாது. கம்பெனியில நாம கையெழுத்துப் போடற ஒப்பந்தத்துலயே அது இருக்கும். 2003ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனைக்குக் கராச்சியில இருந்து ஒரு பெண் ஈமெயில் அனுப்பினாங்க, எனக்குச் சேர வேண்டிய காசு வரலைன்னா நோயாளிங்க ரெக்கார்டை நெட்ல போட்டுடுவேன்னு. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெண் யாருன்னே தெரியாது. ஆஸ்பத்திரி குடுத்த வேலை கலிஃபோர்னியாவுல ஒரு கம்பெனி, அங்க இருந்து ஃப்ளோரிடாவுல ஒருத்தர், அப்புறம் டெக்சாஸ்ல ஒருத்தர்னு கை மாறி மாறி கராச்சி போயிருந்தது. அந்தப் பெண் மிரட்டினது தப்புதான். ஆனா அந்தச் சங்கிலியில கடைசி ஆளுக்கு மிஞ்சின காசு எவ்வளவு இருந்திருக்கும்னும் நான் யோசிச்சிருக்கேன். வீட்டு வேலைன்னு வர்ற வாய்ப்புகள்ல நிறைய அந்த மாதிரி கடைசிக் கண்ணிதான். வேலை குடுக்கறவருக்கு வேலை குடுத்தது யாருன்னு கேளுங்க.

கதவுன்னு சொன்னது நிஜக் கதவையும்தான். எங்க மாமா ரிட்டயர்டு ஆசிரியர், நல்ல மனுஷர். பின்னால வந்து நின்னு, "என்னம்மா, இன்னிக்கு அமெரிக்காவுல யாருக்கு என்ன?"ன்னு கேப்பார். "சொல்லக் கூடாது மாமா"ன்னா முதல்ல கோவம், அப்புறம் பழகிட்டார். திரை கதவைப் பார்த்து இருக்கக் கூடாதுன்னு மேஜையைத் திருப்பிப் போட்டேன். ஹாலுக்கு நடுவுல டிவி பக்கத்துல வச்சு இந்த வேலை செய்ய முடியாது. கூட்டுக் குடும்பத்துல ஒரு அறையைக் கேட்டு வாங்கறது லைன் ரேட்டுக்குப் பேரம் பேசறதை விடக் கஷ்டம். "வீட்டுலதானே இருக்கா"ன்னு கேஸ் சிலிண்டர்காரனுக்கு நில்லு, பேரனைப் பார்த்துக்கோ, விருந்தாளிக்குக் காபி போடு. ஆபீஸ் போற மருமகளை யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க. 2020ல கொரோனா வந்து கம்பெனிகளே கம்ப்யூட்டரை வண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பி, மாமாவோட மகனும் பக்கத்து அறையில உட்கார்ந்து வேலை பார்த்தப்பதான் எங்க வீட்டுலயே இது வேலைன்னு ஒத்துக்கிட்டாங்க. 2025 பிப்ரவரியில ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு பெண்களுக்கு வீட்டிலிருந்தே வேலையைப் பெரிய அளவுல கொண்டு வரப் போறதா சொன்னார். வரட்டும், நல்லது. ஆனா அறையை அரசாங்கம் குடுக்க முடியாது.

நோட்டீஸ் விஷயத்தை ரெண்டு வரியில முடிச்சிடறேன். முன்பணம் கேக்கற எதுவும் வேலை இல்ல. பயிற்சி, டெபாசிட், சாஃப்ட்வேர் லைசென்ஸ், எந்தப் பேர்ல கேட்டாலும் சரி. சில பேர் முதல் மாசம் டைப் அடிக்க வச்சிட்டு, தப்பு ஜாஸ்தின்னு சொல்லி ஒப்பந்தத்தைக் காட்டி அபராதம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் மிரட்டல் விடறாங்க. பயந்து கட்டாதீங்க, 1930க்குப் போன் பண்ணிப் புகார் குடுங்க.

லைஃப் சயன்ஸ் படிச்சவங்க இதோட மெடிக்கல் கோடிங்கையும் பார்த்து வைக்கலாம். 2015 அக்டோபர்ல இருந்து அமெரிக்கா ஐசிடி-10 நோய்க் குறியீட்டு முறைக்கு மாறின பிறகு அங்கதான் ஆள் எடுக்கறது ஜாஸ்தி. ரிப்போர்ட் படிக்கத் தெரிஞ்ச எடிட்டருக்கு அந்தப் பக்கம் தாவறது சுலபம், கோடிங்குக்கான சி.பி.சி. சான்றிதழ் பரீட்சை ஒண்ணு எழுதணும்.

எடிட்டர் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டா ஒரு ஆடியோவும் மிஷின் எழுதின நோட்டும் குடுப்பாங்க. வேகம் காட்டாதீங்க. எழுத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி ஆடியோவை ஒரு தடவை முழுசாக் கேளுங்க, இல்லைன்னா மிஷின் எழுதினதே உங்க காதுல விழும். கேக்காத இடத்தைக் காலி விடுங்க. டெஸ்ட்டு முடிஞ்சு அவங்க கேள்வி இருக்கான்னு கேக்கும்போது சம்பளத்தை மட்டும் கேட்டுட்டு எழுந்து வராதீங்க. லைன் கணக்குல ஸ்பேஸ் சேருமா, எடிட்டிங்குக்கும் டைப்பிங்குக்கும் ரேட்டு தனியா, என் ஃபைலை யார் திருத்தறது, திருத்தினது எனக்குத் திரும்பி வருமான்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவைப்படாதும்மா"ன்னு பதில் வந்தா, ரேட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் முதல் வருஷத்துக்கு அந்த இடம் வேண்டாம்.